காது கொடுக்காத மனேச்சர்

"தம்பி, உங்களிட்டை ஒரு உண்மை சொல்லவேணும்..."

தம்பிஐயா வாயைத் திறந்ததுமே மனேச்சர் ஆழ்வாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பொறுங்கோ அண்ணை, அவசரமாச் சந்தைப் பக்கம் போகவேணும்."

சைக்கிளை எடுத்தார். ஆளைக் காணவில்லை.

கிளாக்கர் பத்மாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கிழமையும் இதே கூத்துத்தான்.

தம்பிஐயாவின் மனைவி நாகேஸ்வரி பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறா. ஆழ்வாப்பிள்ளை மனேச்சராக இருந்த அந்தச் சின்ன இணுவில் சங்கத்தில், நோயில் விழுந்தவர்களின் பராமரிப்புக்குப் பணம் தரும் படுக்கைக் காப்புறுதியில் அவ சேர்ந்திருந்தபடியால், அவவைப் பராமரிக்க வரும் பெண்ணுக்குச் சங்கமே சம்பளம் கொடுத்துவந்தது.

"என்ன விசயம் ஐயா? எனக்குச் சொல்லுங்கோ."

"இல்லைப் பிள்ளை, மனேச்சருக்குத்தான் சொல்லவேணும்."

இரண்டு நாள் கழித்துத் தம்பிஐயா திரும்பவும் வந்தார். மனேச்சர் ரேடியோவைப் பெரிதாகக் கூட்டினார்.

"செய்தி போகுது அண்ணை, செய்தி!"

ரேடியோவில் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பது எப்படி என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த முறை, "ஹெலி! ஹெலி வருது!" என்று கத்திக்கொண்டு, ஹெலிகொப்ரர் குண்டுவீச்சுக்குப் பயந்து முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் குதித்தார் மனேச்சர்.

பத்மாசினி அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒரு காகம் போனது.

தம்பிஐயாவும் விடவில்லை. பின்னாலேயே பங்கருக்குள் இறங்கினார்.

"இஞ்சையெண்டாலும் கேளுங்கோ தம்பி. என்ரை மனுசிக்கு முந்தி..."

"குண்டு விழேக்கை காதைப் பொத்தவேணும் அண்ணை!"

இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, போதாததற்குக் கண்ணையும் மூடிக்கொண்டார் மனேச்சர்.

தம்பிஐயா அழாக்குறையாக மேலே ஏறி வந்தார்.

"எனக்குச் சோறு இறங்குதில்லைப் பிள்ளை. அவவின்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

அவர் போனதும் பத்மாசினி பொரிந்து தள்ளினாள்.

"சேர், வயசுபோன மனுசன் இந்த வெய்யிலுக்குள்ளை நடந்து வருது. ரெண்டு சொல்லுக் கேட்டால் உங்கடை காது தேய்ஞ்சுபோயிடுமே? பதவி வந்தால் இப்பிடித்தானோ?"

"ஓம் பிள்ளை, இப்பிடித்தான்."

அன்றிலிருந்து அவருக்குத் தேத்தண்ணி போடுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. தம்பிஐயா படியேறும்போதே மனேச்சர் எழும்பிப் போய், கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினார்.

"இப்ப ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை."

தம்பிஐயா ஒரே மூச்சில் கொட்டினார்.

"காப்புறுதியிலை சேர முந்தியே அவவுக்கு ஒருக்கால் கை கால் விறைச்சு, வாய் கோணினது தம்பி. நாட்டு வைத்தியம் பாக்கிற பரியாரியார்தான் சுகப்படுத்தினவர். சொன்னால் சேர்க்கமாட்டியள் எண்டு நான் ஒளிச்சுப்போட்டன். நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. பொய்யோடை இருக்க என்னாலை ஏலாது."

பத்மாசினிக்குத் திக்கென்றது. ஒளித்தது மனேச்சருக்குத் தெரிந்துவிட்டது; இனி உதவி நின்றுவிடும். நாளைக்கு நாகேஸ்வரியை யார் தூக்கிக் கழுவித் துடைப்பது?

"சேர்! உங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ, சேர்!"

"வடிவாக் கேட்டுது பிள்ளை," என்று சிரித்தார் மனேச்சர்.

பிறகு தம்பிஐயாவின் பக்கம் திரும்பினார்.

"சங்கத்துச் சட்டப்படி, சேர்ந்து ரெண்டு வருசத்துக்குள்ளை ஒளிச்சது தெரிய வந்தால்தான் அண்ணை, நாங்கள் கேள்வி கேட்டு உதவியை நிப்பாட்டலாம். அந்த ரெண்டு வருசம் நேற்றோடை முடிஞ்சுது. இனி நீங்கள் கோயில் லவுட்ஸ்பீக்கரிலை சொன்னாலும் பயமில்லை!"