ஐந்து நோன்பாளிகள்

அந்தச் சனிக்கிழமை காலை சபியா உம்மாவின் வளவில் நின்றவர்கள் ஆறு பேர். போதகர் ஜீவராஜ். சபை மூப்பர் நல்லரெத்தினம். ஓய்வுநாள் பாடசாலை டீச்சர் யசோதினி. கிணற்றுக்குள் இறங்கப் பவிதரன். தண்ணீர் இறைக்கும் மிசினின் சொந்தக்காரர் புண்ணியமூர்த்தி. அவர் சைவம்தான், ஆனால் மிசினை நம்பி யார் கையிலும் கொடுக்க மாட்டார், அதனால் கூடவே வந்துவிட்டார். ஆறாவது, வீட்டுக்காரி சபியா உம்மா.

கல்முனைக்குடியின் அந்த ஒழுங்கையில் வெள்ளம் புகுந்த கிணறுகள் பதினான்கு. சபையார் இறைத்துக் கொடுக்க வந்த முதல் கிணறு இதுதான்.

"நோன்பு காலம். மற்றப் பதின்மூணு வீடும் வேலிக்கு மேலால நம்மளத்தான் பாத்துக்கொண்டிருக்கும்" என்று வரும் வழியிலேயே நல்லரெத்தினம் சட்டம் போட்டிருந்தார். "மதம் மாத்த வந்த ஆக்களெண்டு ஒரு கதை கிளம்பினாப் போதும், பிறகு ஒரு படலையும் திறக்காது. சத்தமா ஜெபம் இல்ல. வளவுக்குள்ள சாப்பாடு இல்ல. வெத்திலை இல்ல."

"மூச்சு விடலாமா மூப்பர்?" என்றார் புண்ணியமூர்த்தி.

பதினொரு மணிபோல, சேற்று வாளியை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்த நல்லரெத்தினத்தின் மூக்கில் மீன் வாசம் ஏறியது. குசினியில் அடுப்பு எரிந்தது.

நோன்பு காலத்தில் பகலில் சமையலா? அவருடைய முகம் சுருங்கியது. பிறகுதான் விளங்கியது, இது வேலைக்கு வந்தவர்களுக்கு.

அது இன்னும் பெரிய சிக்கல்.

பன்னிரண்டு மணிக்கு சபியா உம்மா பாயை விரித்தார். "கை கழுவிட்டு வாங்க தம்பிமார். டீச்சர் மகள், நீயும் வா. பாரை மீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல். சூட்டோட சாப்பிடுங்க."

புண்ணியமூர்த்தியின் ஒரு கால் பாய்க்குப் போய்விட்டது. நல்லரெத்தினம் சேட்டில் பிடித்து இழுத்தார்.

"குறை நினைக்காதங்க ராத்தா. எங்களுக்கும் இது லெந்து காலம், உபவாசம். நாங்களும் நோன்புதான்."

சபியா உம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்."

"மாஷா அல்லாஹ்" என்று சொல்லிச் சட்டிகளை மூடி உள்ளே கொண்டு போனார். மிகவும் மெதுவாகத்தான் போனார்.

புண்ணியமூர்த்தி மூப்பரின் காதுக்குள் சீறினார். "எனக்கெங்க லெந்து? நான் பிள்ளையார் கோயில் ஆள்!"

"உங்களுக்கு விரதம்."

"விரதம் வெள்ளிக்கிழமை. இண்டைக்குச் சனி!"

"அப்ப சனீஸ்வரனுக்குப் பிடிங்க."

"வேனுக்குள்ள சோத்துப் பார்சல் இருக்கே மூப்பர்" என்றாள் யசோதினி, பசியை மறைக்காமல்.

"வேன் நிக்கிறது பக்கத்து வீட்டு சுஹறாட படலைக்கு நேர. நோன்பெண்டு சொல்லிட்டு அங்க திண்டா, அடுத்த நிமிஷம் ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சிரும்."

போதகர் வாளியைத் தூக்கினார். மூப்பர் பொய் சொல்லி அவர் பார்த்தது இதுவே முதல் தடவை.

நாலு மணிக்குக் கிணற்றில் ஊறிய புதுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. போதகர் குளோரின் போட்டார். எல்லாரும் செருப்பைத் தேடினார்கள்.

சபியா உம்மா படலையைச் சாத்தினார். "எங்க போறீங்க? நோன்பாளிய நோன்பு திறக்காம அனுப்பினா, நாளைக்கு அல்லாஹ்ட்ட நான் என்ன பதில் சொல்ற? இரிங்க."

இருந்தார்கள். சபியா உம்மாவின் மகள் பஸ்மினா தையல் கடையிலிருந்து வந்தாள். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வந்தன. பவிதரன் மூன்று கோப்பைக் கஞ்சியை மூச்சு விடாமல் குடித்தான்.

அப்போது குசினிக்குள் இருந்து பஸ்மினாவின் குரல் உயர்ந்தது.

"உம்மா! பகல் குளிசை வச்சபடி கிடக்கு. சோத்துச் சட்டியில ஒரு அகப்பையும் படல்ல. சீனி வருத்தத்தோட இந்த வருஷம் நோன்பு பிடிக்கவே கூடாதெண்டு டொக்டர் சொன்னாரா இல்லியா?"

"சத்தம் போடாத மகள். நான் நோன்பு பிடிக்கல்ல."

"அப்ப ஏன் சாப்பிடல்ல?"

"அஞ்சு நோன்பாளிகள் வெயிலுக்குள்ள நிண்டு எனக்குச் சேறு அள்ளக்குள்ள, நான் மட்டும் இருந்து சோறு தின்னவா? கை நடுங்கக்குள்ள ஒரு டொபி போட்டன். அதுவும் அறைக்குள்ள ஒளிச்சு."

நல்லரெத்தினத்தின் கஞ்சிக் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. எழுந்து குசினி வாசலுக்குப் போனார்.

"ராத்தா, எங்கள்ல ஒருவரும் நோன்பில்ல. உங்களுக்கு முன்னால சாப்பிடுறது மரியாதை இல்லையெண்டு நான்தான் பொய் சொன்னன். உங்களுக்கு நோன்போ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல்ல."

புண்ணியமூர்த்தி விரல் மடித்து எண்ணிப் பார்த்தார்.

"அப்ப பகல் முழுக்க இந்த வளவுக்குள்ள நோன்பாளி ஒரு ஆளும் இல்ல. ஆனா ஆறு பேரும் பட்டினி!"

முதலில் சிரித்தது சபியா உம்மாதான், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு. வேலிக்கு அப்பாலும் ஒரு சிரிப்புக் கேட்டது.

"மூப்பர், வாற சனி எங்கட கிணறு!" என்றது சுஹறாவின் குரல். "வரக்குள்ள நோன்பக் கொண்டு வராதங்க. பகல் சோறு இரிக்கி!"

பகல் ஆக்கிய சோறும் ஆணமும் சூடாகி, பெரிய சஹன் தட்டுகளில் வந்தன. ஆண்கள் ஒன்றைச் சுற்றி, பெண்கள் ஒன்றைச் சுற்றி. குளிசையைப் போட்டுவிட்டு முதல் பிடியை எடுத்தது சபியா உம்மா.

தட்டுகள் கழுவப் போகும்போது நல்லரெத்தினம் எட்டிப் பார்த்தார். இரண்டிலும் சேர்த்து மிஞ்சியது ஒன்பது மீன் முள்.