நடுகல்பாடி ஸ்டாப்பிங்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில் அவர் மூச்சு வாங்கிய சத்தத்தைக் கேட்டு, எதிர்மலையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவரால் பதிலுக்குக் கையாட்ட முடியவில்லை. ஹேண்டில் பாரை விட்டால் மலையடிவாரம்தான்.

இன்னும் ஒன்பது வளைவு.

கால் மட்டும் தரையில் படக்கூடாது.

பட்டால், இருபத்தொரு கியர் வைத்த அந்த நீலச் சைக்கிள் திங்கட்கிழமை காலை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். மகள் பூங்கோதையின் தீர்ப்பு அது. அறுபத்தாறு வயதில் மலையேறுகிற அப்பாவை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் அவளால் நிம்மதியாகத் தலைக்குக் குளிக்க முடியவில்லையாம்.

ஒரே ஒரு தடவை. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும். எங்கேயும் காலை ஊன்றாமல். ஏறிக் காட்டிவிட்டால் அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

நானா ஊன்றுவேன் என்று மீசையை முறுக்கிவிட்டு வந்தவர். அந்த மீசை ஐந்தாவது வளைவிலேயே தொங்கிவிட்டது.

சாட்சிக்கு ஆளையும் மகளே பிடித்திருந்தாள்.

இருபதடி பின்னால், கியர் இல்லாத பழைய சைக்கிளில், வாலில்லாத காளையை ஓட்டிவருகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார் துரைக்கண்ணு. ஹேண்டில் பாரில் தூக்குச்சட்டி ஆடியது. இரண்டு பேருக்கான எலுமிச்சைச் சாதம். அவர் எங்கே வேண்டுமானாலும் காலை ஊன்றலாம். அவருக்கு மகள் இல்லை.

இருபத்தெட்டு வருஷம் இதே சாலையில், ஒரே பஸ்ஸில், அவர் டிரைவர், துரைக்கண்ணு கண்டக்டர். துரைக்கண்ணு பொய் சொல்லமாட்டார் என்பது ஏழு மலைக்கும் தெரிந்த சங்கதி. தன் கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் இதே பஸ்ஸில் வந்தபோது, மாமனாருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் மாலை போட்டுக்கொண்டவர்.

பன்னிரண்டு.

சாலையில் ஈ காக்கை இல்லை. மலையின் அந்தப் பக்கம் புது ரோடு வந்ததிலிருந்து பஸ், லாரி எல்லாம் அங்கே ஓடிவிட்டன. இங்கே சரக்கொன்றை மட்டும் ரோட்டை அடைத்துப் பூக்கொட்டியிருந்தது. டயர் அதன்மேல் ஏறும்போது சத்தமே இல்லை.

அவருடைய இரண்டு தொடைகளும் தனித்தனியாக ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

பதின்மூன்றில் நடுகல்பாடி.

மாடு மீட்கப்போய் அம்பு பட்டுச் செத்த வீரர்கள், ஆயிரம் வருஷமாக வேலியோரம் கல்லில் நிற்கிற ஊர். முதல் கல்லில் இருப்பவன் வாளை ஓங்கியிருந்தான். மார்பில் ஒன்பது அம்பு. அவனும் காலை ஊன்றித்தான் நின்றான். அவனை யாரும் இரும்புக் கடைக்கு அனுப்பவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில், மாங்காய்க் கூடையோடு பச்சையம்மா.

சைக்கிளைப் பார்த்தாள். பழைய டிரைவரைப் பார்த்தாள். பின்னால் கண்டக்டரையும் பார்த்தாள்.

கையை நீட்டினாள்.

அவ்வளவுதான்.

மூளைக்குத் தகவல் போய்ச் சேருவதற்கு முன்பே அவருடைய கை பிரேக்கைப் பிடித்தது. இடது கால் க்ளட்சை மிதிக்கக் கீழே போனது.

க்ளட்ச் இல்லை.

தரை இருந்தது.

பச்சையம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அய்ய, சும்மா வெளாட்டுக்குக் கை காட்னேன் டிரைவரண்ணே! நெஜமாவே நிறுத்திட்டியே! எங்க உக்காருறது, உன் தலைமேலயா?"

அவர் தரையிலிருந்த தன் செருப்பைப் பார்த்தார். வேறு யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

துரைக்கண்ணு வந்து சேர்ந்தார். காலைப் பார்த்தார். புளியமரத்தைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நாலு முகத்துக்கு ஆகும் நேரம் துடைத்தார்.

"இது கணக்குல சேராதுண்ணே."

"ஊனிட்டனே, கண்டக்டரே."

"ஸ்டாப்பிங்ல கை காட்டி நிறுத்தாம போனாத்தான் மெமோ. நிறுத்துனா அது டூட்டி." பச்சையம்மாவிடம் திரும்பினார். "ஏறலன்னா தள்ளி நில்லும்மா. ரைட், போலாம்!"

பதினான்கு. பதினைந்து.

பதினாறில் சாலை எழுந்து நின்றுகொண்டது. இனி ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும்.

பதினேழில் வீடு இல்லை. மரம் இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருத்தரும் அங்கே ஏறியதில்லை, இறங்கியதில்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு மட்டும் தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்சக்கரம் ரோட்டில் ஜிலேபி பிழிந்தது.

"அண்ணே." துரைக்கண்ணுவின் குரல். "இங்க ஒரு ஸ்டாப்பிங் வேணும்னு அப்பவே மனு குடுத்தாங்க."

"யாரு?"

துரைக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் குரங்கைப் பார்த்தார்.

"பொதுமக்கள்."

அவர் காலை ஊன்றினார். காற்று வந்தது.

மீதியிருந்த மூன்று வளைவுகளுக்குள், எந்த வரைபடத்திலும் இல்லாத ஐந்து ஊர்கள் வந்தன.