அடுப்பங்கரையில் ஒரு கட்டம்

லேத் பட்டறையில் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். மீதிக்கு, அங்கே இரும்பு கடையும் டர்னர் ஆன்லைனில் ஒரு வேலை பிடித்தான்: படத்தில் இருக்கும் ஆட்களைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். இன்று வந்தது யாருமில்லாத ஒரு சமையலறை. ‘ஆள் இல்லை’ என்று அனுப்பினான். ‘தவறு, ஒருவர் இருக்கிறார்’ என்று திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினான்; அதே பதில் வந்தது. இன்னொரு தவறென்றால் இந்த வேலையும் போய்விடும்.

“எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? இல்லாத ஆளை எங்கடா போய்த் தேடுறது?” என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

“கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டாதீங்க,” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. “கேக்குறதைக் குடுத்துட்டுப் போங்களேன்.”

வயிற்றெரிச்சலோடு, படத்தில் அடுப்புக்கு முன்னால் வெறும் இடத்தில் ஒரு கட்டம் போட்டான். ‘சரி’ என்று வந்தது.

“இப்ப எதுக்கு இங்க வந்து முதுகோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் அவள். “தள்ளுங்க, எண்ணெய் தெறிக்கும்.”

அவன் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.