மூடுபனிக்குள் ஒரு விசில்

லீமா நகரத்து மேட்டில் பகல் பதினொன்றுக்கும் மூடுபனி விலகவில்லை. பொது அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. மஞ்சள் படிக்கட்டு பாதிக்கு மேல் கரைந்து காணாமல் போகிறது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு விசில். எங்கள் தெருப் பெண்கள் எல்லோர் கழுத்திலும் ஒன்று தொங்குகிறது. எந்த வீட்டிலாவது பிள்ளைக்கு அடி விழுந்தால், சத்தம் கேட்டவள் ஊத வேண்டும், மற்றவர்கள் போய் வாசலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் சட்டம். படியேறுகிறோம். முன்னால் போகிறவளின் முதுகு தெரியவில்லை, அவள் செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். விசில் எங்களில் ஒருத்தியான நெலிதாவின் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது.

"யாருடி உள்ள ஊதுறது?" என்கிறாள் முன்னால் ஏறிய ஒர்தென்சியா.

கதவு திறக்கிறது. தரையெல்லாம் கொட்டிய பால். மேசைக்கடியில் நெலிதாவின் சின்ன மகள், இன்னும் அடிபடாத முகத்தோடு. நெலிதாவின் கையில் பெல்ட், பல்லிடுக்கில் அவளுடைய விசில். அவள் தேம்பும்போதெல்லாம் அது மெல்லக் கூவுகிறது.

ஒர்தென்சியா பெல்ட்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறாள்.

"போதும்டி, ஊதாத. நாங்க வந்துட்டோம்."