கழற்றிப் போட்டது

பழைய காரில் புது ரேடியேட்டரை இறக்கினார்கள். அதன் துளை, காரின் துளைக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"உன் அளவே தப்பு!" என்று எரிந்து விழுந்தது போல்ட்.

"நான் சரியாத்தான் இருக்கேன். உங்க வண்டிதான் கோணல்," என்றது ரேடியேட்டர்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்று சுத்தியல் வந்து, துளை இருந்த காரின் தாங்கு பட்டையைக் கீழே வளைத்தது. பட்டை ஒடிந்தது.

ஒழுகியதால் கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய ரேடியேட்டருக்குப் பொறுக்கவில்லை. "அடப்பாவிகளா! காலையிலிருந்து கத்துறேன். அதுக்கு அடியில வைக்க வேண்டிய ஒரு விரல் உயர ரப்பர் கட்டை ரெண்டும் இங்க என் அடியிலயே ஒட்டிக்கிட்டிருக்கு!"

"ஒழுகுனதெல்லாம் புத்தி சொல்ல வந்துடுச்சு," என்ற சுத்தியல், அடுத்த பட்டையை வளைக்கப் போனது.