பல்ப் தெரியுதோ?

கிரகணம் தொடங்கிவிட்டது. சூரியனின் ஓரத்தில் ஒரு கடி விழுந்திருந்தது.

கொழும்புத்துறை ஊரே முற்றத்தில் இறங்கி அண்ணாந்து நிற்க, கேதீஸ்வரி மட்டும் வாசல் கதவை உள்ளால் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். மகள் நிவேதனா உள்ளே நின்று கதவை உதைத்தாள்.

எது நல்ல கண்ணாடி என்று தெரியாமல் ஏழு வயதுப் பிள்ளையை வெளியே விடுவதாக இல்லை. கண் ஒருதரம் கருகினால் கருகினதுதான் என்று பள்ளிக்கூட ரீச்சர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சோதிக்கும் வழியையும் ரீச்சர்தான் சொன்னார். கண்ணாடி வழியாக எரிகிற பல்ப்பைப் பார்க்க வேண்டும். பல்ப் தெரிந்தால் அது கூடாது.

“நான் பாக்கிறன். கடலிலை மிதக்கிற வலைக்கொடியைத் தூரத்திலையே கண்டுபிடிக்கிற கண் இதடி,” என்றான் புருஷன் சுபாஸ்கரன்.

அவன் கையெல்லாம் படகு இஞ்சின் எண்ணெய். அதனால் கண்ணாடிகளை அவளே பிடித்தாள். அவன் குறி பார்ப்பவன்போல இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

முதலில், பள்ளிக்கூடத்தில் கொடுத்த மட்டைக் கண்ணாடி.

“ஒண்டும் தெரியேல்லை. திறம்.”

அடுத்தது, மாமி கால் முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படம்.

“இதுவும் திறம்.”

“எக்ஸ்ரே கூடாதெண்டு ரீச்சர் சொன்னவா.”

“ரீச்சரே பாக்கிறா? நானெல்லோ பாக்கிறன்.”

கடைசியாக, கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய கூலிங் கிளாஸ்.

“ஒண்டும் தெரியேல்லை.”

கேதீஸ்வரி அதைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பல்ப் பளிச்சென்று தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த தூசிகூடத் தெரிந்தது.

“பகிடி விடாதையுங்கோ. இது பிள்ளையின்ரை கண்.”

“ஆர் பகிடி விட்டது? கும்மிருட்டு.”

அவன் முகத்தில் சிரிப்பில்லை. வலது கண் அகலத் திறந்து பல்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

கேதீஸ்வரி கூலிங் கிளாஸைக் கீழே வைத்தாள். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தாள். அதிலும் பல்ப் முட்டை மஞ்சள் கருபோல மங்கலாய் எரிந்தது.

“அம்மா, சூரியன் முடியப்போகுது,” என்று நிவேதனா அழத் தொடங்கினாள்.

“பொறு பிள்ளை.” புருஷன் பக்கம் திரும்பினாள். “இஞ்சேருங்கோ, மூடின கண்ணைத் திறவாதையுங்கோ. இன்னும் ஒண்டு கிடக்கு. இது எப்பிடி?”

சுபாஸ்கரன் கழுத்தை நீட்டி, நிதானமாகப் பார்த்தான்.

“இதுதான் எல்லாத்திலையும் திறம். ஒரு பொட்டு வெளிச்சமில்லை. கதவைத் திற, பிள்ளை பாக்கட்டும்.”

கேதீஸ்வரியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அவன் முகத்துக்கு நேரே கண்ணாடி எதுவுமில்லை; பல்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.