இடது முன்சக்கரம்

“போலிச் சாமான மாட்டி என் தலையில கட்டிட்ட. ஒத்துக்கோ,” என்றார் கணக்கு வாத்தியார்.

மெக்கானிக் காரின் இடது முன்சக்கரத்திலிருந்து கழற்றிய பேரிங்கைக் கந்தல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எட்டு மாசத்துல இது மூணாவது. அதே சக்கரம், அதே ஊளச் சத்தம். நேத்து மெயின் ரோட்டுல சக்கரம் ஆடுது. குலையே நடுங்கிருச்சு.”

“போன தடவ பேரிங்க வேற கடையில நீங்களே வாங்கிட்டு வந்தீங்களே சார். அதுவும் போலியா?”

வாத்தியார் விடவில்லை. “அப்ப மாட்டுனதுல கோளாறு. சுத்தியலால அடிச்சு ஏத்தியிருப்ப.”

“சுத்தியல் பக்கமே நான் போறதில்ல. மிஷின்ல வச்சு அமுக்கித்தான் ஏத்துறேன். நட்டும் அளவு பாத்துத்தான் முறுக்குறேன்.”

மெக்கானிக் திருப்புளியால் பேரிங்கின் மூடியை நெம்பினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் அவர் உள்ளங்கையில் வழிந்தது. உள்ளே குண்டுகள் எல்லாம் துருவேறிக் கிடந்தன.

“தண்ணி சார். மழைத் தண்ணி இவ்வளவு உள்ள போகாது. பம்பு வச்சு, குழாய் முனைய ஒட்டிப் புடிச்சு அடிச்சா இப்படி ஆகும். வண்டி கழுவுறது யாரு?”

“என் வீட்டுக்காரி. தினம் காலையில ஒரு மணி நேரம். சுத்தம்னா அவளுக்கு உயிரு.”

மெக்கானிக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். மற்ற மூன்று சக்கரங்களிலும் போன வாரத்துச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, வேறு எதையோ சொன்னார்.

“மொத மொத மாத்துனோமே, அது மட்டும் தண்ணியால போகல. அடி வாங்குனது. எதுமேலயோ ஏறி எறங்கியிருக்கு.”

“அன்னிக்கு அவதான் ஓட்டுனா. நடைபாதை ஓரத்துல ஏத்திட்டேன்னு சொன்னா. அன்னியிலேர்ந்து ஓட்டுறதையே விட்டுட்டா. கண்ணு சரியாத் தெரியலையாம்.” வாத்தியார் குரல் இறங்கியது. “கோவத்துல வாய்க்கு வந்தத பேசிட்டேன். மனசுல வச்சுக்காத.”

“பரவால்ல சார். இந்தப் பம்ப மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. ஓடும்போது சக்கரம் கழண்டா உசுருக்கே ஆபத்து.”

புது பேரிங்கோடு கார் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை வாத்தியார் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பம்பு இரைவது கேட்டது.

மனைவி ஈரத் தரையில் மண்டியிட்டிருந்தாள். குழாய் முனை சக்கரத்தின் துளைக்குள் சொருகியிருந்தது. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அந்தச் சக்கரத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து வெறும் தகரம் தெரிந்தது. இத்தனை நாள் அதைத் தான் கவனிக்கவே இல்லையே என்று வாத்தியாருக்குத் தோன்றியது.

பம்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினார்.

“இதாலதான் பேரிங் போகுதாம். பாவம், அந்த மனுஷன திருடன் மாதிரி பேசிட்டேன். இனிமே கழுவ வேணாம், விடு.”

அவள் எழுந்திருக்கவில்லை. விரல்களை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்திருந்தது.

“பளபளன்னுதான இருக்கு? இன்னும் என்னத்தத் தேடுற?”

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“அந்தப் பொண்ணோட முடிங்க.”